கார் இல்லாமல் வளர்ந்த மெட்ராஸ்



"வேலைக்குப் போனதும் முதலில் என்ன வாங்குவாய்?" என்று எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும், கொஞ்சம் பைக், மீதி எல்லாம் கார் என்றுதான் பதில் வரும். வீட்டிலும் அப்படித்தான். பையன் கார் வாங்கிவிட்டான் என்றால் "செட்டில் ஆகிவிட்டான்" என்று அர்த்தம். பஸ்ஸிலேயே போய்க்கொண்டிருந்தால் "இன்னும் பாவம், பஸ்ஸில்தான் போகிறான்" என்பார்கள்.

இப்போது ஒரு பரீட்சைக் கேள்வி. "கார் ஓட்டாமல் வேலைக்கும் கல்லூரிக்கும் போய்வருவதன் நன்மைகள் யாவை?" நாம் என்ன எழுதுவோம்? பெட்ரோல் மிச்சம், புகை குறைவு, நடப்பதால் உடம்புக்கு நல்லது, நெரிசல் குறையும், பணம் மிச்சம். ஐந்து பாயிண்ட், ஐந்து மார்க். எல்லாமே உண்மைதான், ஒன்றையும் மறுக்க முடியாது.

ஆனால் இந்தப் பட்டியலில் ஒரு பெரிய விஷயம் விட்டுப்போகிறது. அது அறிவியல் பாடத்தில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. அதைத் தேடி ஆம்ஸ்டர்டாம் வரைக்கும் போக வேண்டாம். நம் சென்னையின் கதையே போதும். கையில் கார் இல்லாத ஒருவர் எங்கே குடியிருக்கலாம், எங்கே படிக்கலாம், எங்கே வேலை பார்க்கலாம் என்பதை இந்த ஊரில் நூறு வருடத்துக்கும் மேலாகத் தீர்மானித்து வந்தவை டிராமும் ரயிலும் பஸ்ஸும்தான். அவை நன்றாக ஓடிய காலத்தில் ஊரின் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. கவனிக்காமல் விட்ட காலத்தில் கதவு பாதி மூடிக்கொண்டது. இதுதான் இந்தப் பதிவின் சாரம். இனி கதைக்கு வருவோம்.

காருக்கு முன்பே வந்த மின்சார வண்டி

19ஆம் நூற்றாண்டு மெட்ராஸைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். கோட்டையும் துறைமுகமும் பாரிமுனையும் ஒரு பக்கம். ஆபீஸ், கடை, கோர்ட் எல்லாம் அங்கேதான். வெள்ளைக்காரத் துரைமார்கள் அடையாறு, நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு பக்கம் பெரிய பெரிய தோட்ட வீடுகளில் இருந்துகொண்டு குதிரை வண்டியில் ஆபீஸுக்கு வருவார்கள். சொந்த வண்டி இருந்ததால் தூரம் அவர்களுக்கு ஒரு பிரச்சினை இல்லை. மற்றவர்கள்? ஜட்காவுக்கோ மாட்டுவண்டிக்கோ தினமும் காசு கொடுக்க முடியாத குமாஸ்தாக்களுக்கும் தொழிலாளர்களுக்கும் கால்நடைதான். நடந்து போகிற தூரத்தில் வேலை இருக்க வேண்டும், அல்லது வேலைக்குப் பக்கத்தில் வீடு இருக்க வேண்டும். ஜார்ஜ் டவுனின் குறுகலான தெருக்களில் வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த நிலையில்தான் 1895 மே 7 அன்று மெட்ராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் இதுதான்! கல்கத்தாவில் அதற்கு முன்பே குதிரை இழுக்கும் டிராம் இருந்தது, ஆனால் மின்சாரத்துக்கு மாறியது 1902ல். பம்பாயில் 1907ல். அவ்வளவு ஏன், நம்மை ஆண்ட லண்டன்காரர்களின் ஊரிலேயே மின்சார டிராம் சேவை 1901ல்தான் தொடங்கியது. நம்ம ஊர் 6 வருடம் சீனியர் :)

ஆரம்பத்தில் தண்டவாளங்களுக்கு நடுவே தரைக்குள் பதித்த மின்கம்பியிலிருந்து டிராமுக்கு மின்சாரம் கிடைத்தது. மெட்ராஸ் மழை பற்றித்தான் நமக்குத் தெரியுமே! தரைக்குள் தண்ணீர் புகுந்தால் அந்த ஏற்பாடு தாங்குமா? பிறகு கம்பியைத் தலைக்கு மேலே கொண்டுபோனார்கள். மவுண்ட் ரோடு, பாரிமுனை, பூந்தமல்லி நெடுஞ்சாலை, மயிலாப்பூர் என்று வழித்தடங்கள் விரிந்தன. உச்சத்தில் இருந்த 1921ல் சுமார் 24 கிலோமீட்டர் தண்டவாளத்தில் 97 டிராம் வண்டிகள் ஓடியிருக்கின்றன.

அப்போது கார் எங்கே இருந்தது? மெட்ராஸில் முதன்முதலாகக் கார் ஓட்டியவர் பாரி கம்பெனியைச் சேர்ந்த ஏ.ஜே. யார்க் என்று சென்னையின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆண்டு 1901. அடையாறு வீட்டிலிருந்து பாரிமுனை ஆபீஸுக்கு அவர் காரில் போய்வந்தாராம். அதாவது ஊரில் முதல் கார் வருவதற்கு 6 ஆண்டுகளுக்கு முன்பே மின்சார வண்டியில் ஜனங்கள் போகத் தொடங்கிவிட்டார்கள். "முதலில் பஸ், ரயில், பிறகு முன்னேறினால் கார்" என்று நாம் நினைக்கிறோம் அல்லவா? எது பழையது, எது புதியது என்பதில் நம் ஊர் வரலாறு அவ்வளவு நேராக இல்லை.

இன்னொரு சுவாரசியமான தகவல். மெட்ராஸில் எம்.சி. 1 என்ற பதிவு எண் கொண்ட காரின் சொந்தக்காரர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். யார் இவர் தெரியுமா? துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவர். 1912ல் அவருடைய ஆபீஸில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார். அவர் பெயர் சீனிவாச ராமானுஜன்! தலைவருக்கு ஊரின் நம்பர் 1 கார். கணித மேதைக்கு 30 ரூபாய் சம்பளம். அந்தச் சம்பளக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருந்த ஊரில், கார் யாருக்காக வந்தது, டிராம் யாருக்காக வந்தது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1931: ரயில் போட்ட கோடு

டிராம் ஊருக்குள்ளேயே ஓடியது. ஊரை வெளியே இழுத்துக்கொண்டு போனது ரயில்.

1931 ஏப்ரல் 2 அன்று கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் பாதை திறக்கப்பட்டது. மே மாதம் பொதுமக்களுக்கான சேவை ஆரம்பமானது. சுமார் 29 கிலோமீட்டர் தூரம், மீட்டர்கேஜ் பாதை, தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் வேலை. பம்பாயில் 1925ல் இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. 6 ஆண்டுகளில் நமக்கும் வந்துவிட்டது. இன்றைக்கும் நாம் அதை "புறநகர் ரயில்" என்றா சொல்கிறோம்? "எலக்ட்ரிக் ட்ரெயின்" என்றுதானே சொல்கிறோம். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், மற்ற ரயில்கள் எல்லாம் கரி தின்று புகை கக்கிக்கொண்டிருந்த காலத்தில் இது மட்டும் மின்சாரத்தில் ஓடியதுதான்.

இந்த ரயில் செய்த வேலையை வரைபடத்தில் பார்க்கலாம். 1920களில் மாம்பலம் பக்கம் இருந்த நீளமான ஏரியைத் தூர்த்து ஒரு புதிய குடியிருப்பை உருவாக்கினார்கள். சர் பிட்டி தியாகராய செட்டியின் பெயரை வைத்தார்கள். அதுதான் தி.நகர். அங்கே வீடு வாங்கினால் பாரிமுனை ஆபீஸுக்கு எப்படிப் போவது? பக்கத்திலேயே மாம்பலம் ஸ்டேஷன். சைதாப்பேட்டை, பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ரயில் நிற்கும் இடமெல்லாம் வீடுகள் முளைத்தன. ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் ஒரு கடைத்தெரு. தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஏன் இவ்வளவு கூட்டம் என்று யோசித்திருக்கிறீர்களா? அந்தத் தெரு மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் இருக்கிறது, அதனால்தான்! காரில் வருகிறவர்களை நம்பியிருந்தால் அந்தத் தெருவில் ஒரு கடைகூடப் பிழைத்திருக்காது. அதற்குள் கார் நுழையவே முடியாது.

நமக்கு (மாணவர்களுக்கு) இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. இந்த ரயில் பாதையோடு கல்லூரிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். நுங்கம்பாக்கம் ஸ்டேஷன் பக்கத்தில் லயோலா கல்லூரி, 1925. ஹைகோர்ட் எதிரே ஜார்ஜ் டவுனில் இருந்த மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி, 1937ல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. பச்சையப்பன் கல்லூரி, பழைய சைனா பஜார் பகுதியிலிருந்து 1940ல் சேத்துப்பட்டுக்கு வந்தது. மீனம்பாக்கத்தில் ஜெயின் கல்லூரி, 1952. குரோம்பேட்டையில் பெண்களுக்கான வைணவக் கல்லூரி, 1968.

ஊருக்கு நடுவில் இடம் கிடைக்காத கல்லூரிகள் வெளியே போக முடிந்தது. வெளியே போனாலும் மாணவர்கள் அங்கே போய்ச்சேர முடிந்தது. 1937ல் தாம்பரம் என்றால் கிட்டத்தட்டக் காடு. கல்லூரிக்கு அங்கே 350 ஏக்கருக்கு மேல் நிலம் கிடைத்தது. மின்சார ரயில் ஓடத் தொடங்கி 6 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த ரயில் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் ஒரு கல்லூரி அவ்வளவு தூரம் போக யோசித்திருக்காதா? காசு குறைந்த வீட்டுப் பிள்ளைகளும் சீசன் டிக்கெட் எடுத்து நல்ல கல்லூரியில் படித்தார்கள். நான் முதலில் சொன்ன "விட்டுப்போன பாயிண்ட்" இதுதான். பெட்ரோல் மிச்சமாவது தனி ஆளுக்கு லாபம். தாம்பரத்துப் பையன் சேத்துப்பட்டில் படிக்க முடிவது ஊருக்கே லாபம்.

வேலைக்கும் இதே கதைதான். கிண்டி தொழிற்பேட்டை 1950களின் இறுதியில் உருவானபோது தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்க ரயில் தயாராக இருந்தது. கோடம்பாக்கத்தில் சினிமா ஸ்டுடியோக்கள் வளர்ந்த காலத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ரயில் பாதையின் லெவல் கிராசிங் கேட் மூடினால் நடிகர் நடிகைகளின் கார்கள் அங்கே வரிசையாக நிற்கும். அவர்களைப் பார்க்கவே கேட் அருகே ரசிகர்கள் கூட்டம் காத்திருக்குமாம். உள்ளே ஸ்டார் உட்கார்ந்திருக்கும் கார் நிற்க, குமாஸ்தாக்கள் உட்கார்ந்திருக்கும் ரயில் விர்ரென்று போகும். எனக்கு மிகவும் பிடித்த மெட்ராஸ் காட்சி இது!

போரும் கரி பஸ்ஸும், பிறகு டிராமின் சாவும்

இரண்டாம் உலகப்போர் வந்தது. பெட்ரோல் தட்டுப்பாடு. ரேஷன் முறையில்தான் கிடைக்கும். பஸ்களின் பின்னால் ஒரு பெரிய உருளையைக் கட்டி, கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்கள். "கரி பஸ்" என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். மேட்டில் ஏற முடியாமல் மூச்சு வாங்குமாம். அந்த வருடங்களில் டிராமும் மின்சார ரயிலும் பெட்ரோலை எதிர்பார்க்காமல் ஓடின. எங்கோ கப்பல் நின்றால் நம் ஊர் ஆபீஸ் நிற்கக் கூடாது என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அப்போதே பாடம் கிடைத்துவிட்டது.

பாடம் கிடைத்தது சரி, படித்தோமா? இல்லை.

போர் முடிந்ததும் பஸ்கள் பெருகின. டிராம் கம்பெனிக்கு நஷ்டத்துக்கு மேல் நஷ்டம். வண்டிகள் பழசு, தண்டவாளம் பழசு. 1950 வாக்கில் கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது. 1953 ஏப்ரல் 12ஆம் தேதியோடு மெட்ராஸ் டிராம் நின்றது. 58 ஆண்டுகள் ஓடிய வண்டி, ஒரே நாளில் பழைய கதை ஆனது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. 1931 கணக்கெடுப்பில் மெட்ராஸின் மக்கள்தொகை சுமார் 6.47 லட்சம். 1951ல் சுமார் 14.16 லட்சம். இடையில் நகரத்தின் எல்லையை விரித்ததும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனாலும் 20 ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல்! ஜனங்கள் அதிகமாகும்போதுதானே ஒரே வண்டியில் நிறையப் பேரை ஏற்றிச் செல்லும் வண்டி அதிகம் தேவை? அப்படிப்பட்ட நேரத்தில் இருந்ததையும் இழந்தோம். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் நஷ்டம் எழுதப்பட்டது. ஆனால் டிராமில் போய் வேலை பார்த்தவர்கள் சம்பாதித்ததை, டிராம் நின்ற இடத்தில் கடை போட்டவர்கள் சம்பாதித்ததை, அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எழுதுவது? பொதுப் போக்குவரத்து "நஷ்டத்தில் ஓடுகிறது" என்று யாராவது சொன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். சாலை போடுவதை யாரும் "நஷ்டம்" என்று சொல்வதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

பல்லவன் காலம்

டிராம் விட்ட இடத்தைப் பிடித்தது பஸ். 1947 வாக்கிலேயே அரசாங்கம் சொந்தமாக நகரப் பஸ்களை ஓட்டத் தொடங்கிவிட்டது. தனியார் கைகளில் இருந்த நகரப் பேருந்துகள் அரசுடைமை ஆயின. 1972 ஜனவரி 1 அன்று பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. அப்போது கையில் இருந்த பஸ்கள் 1,029. 1997ல் பெயர் மாநகர் போக்குவரத்துக் கழகம் என்று மாறியது. ஆனாலும் பழைய ஆட்கள் இன்னும் "பல்லவன்" என்று சொல்வதைக் கேட்கலாம். ஒரு கம்பெனி பெயர் வீட்டு மனுஷன் பெயர் மாதிரி ஆகிவிடுவது சாதாரண விஷயமா?

பஸ் செய்த பெரிய உதவி, ரயில் பாதை இல்லாத இடத்துக்கெல்லாம் போனதுதான். வடசென்னையின் தொழிற்சாலைகள், மேற்கே அம்பத்தூர், தெற்கே அடையாறு தாண்டிய கிராமங்கள் எல்லாம் ஊரோடு சேர்ந்தது பஸ்ஸால். பஸ் பாஸ் கழுத்தில் தொங்கப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் எத்தனை லட்சம் பேர்!

இங்கே ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பஸ்ஸில் 50 பேர் போகிறார்கள். பஸ்ஸின் நீளம் சுமார் 12 மீட்டர். அதே 50 பேரும் ஆளுக்கொரு காரில் போனால்? ஒரு கார் 4 மீட்டர் என்று வைத்தால், இடைவெளியே இல்லாமல் ஒட்டி நிறுத்தினால்கூட 200 மீட்டர். கார்களுக்கு நடுவே 2 மீட்டர் இடம் விட்டால் ஏறத்தாழ 300 மீட்டர். காரில் ஒருவர் அல்ல, இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டாலும் 150 மீட்டர். அந்த இடம் யாருடையது? எல்லோருடையதும்தான். அதோடு, போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்றால் கார் ஓடுவது 2 மணி நேரம், சும்மா நிற்பது 22 மணி நேரம். நிற்க இடம் வேண்டுமே! அதற்குத்தான் நடைபாதை பலி.

பஸ்ஸில் கூட்டம் இல்லையா, கஷ்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு போய் உயிரை விட்ட மாணவர்கள் உண்டு. கூட்டத்தில் பெண்கள் படும் தொல்லை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதற்கு மருந்து என்ன? இன்னும் நிறைய பஸ், அடிக்கடி வரும் பஸ். 50 பேர் போகிற பஸ்ஸில் 100 பேர் ஏறுகிறார்கள் என்றால், பஸ் வேண்டாம் என்று அர்த்தமா? இன்னொரு பஸ் வேண்டும் என்று அர்த்தமா?

பறக்கும் ரயில் சொல்லும் பாடம்

"சரி, ரயில் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?" என்றால், அதற்கும் நம் ஊரிலேயே பதில் இருக்கிறது.

கடற்கரை–சேப்பாக்கம் பறக்கும் ரயில் 1995ல் ஓடத் தொடங்கியது. 1997ல் திருமயிலை, 2004ல் திருவான்மியூர், 2007ல் வேளச்சேரி. முதல் பகுதி திறந்து வேளச்சேரியைத் தொட 12 ஆண்டுகள்! அதுவும் பெரும்பகுதி பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியும் அதன் மேலேயும் தூண் நட்டுப் போட்ட பாதை. படகு போன நீர்வழியின் மேல் ரயில் போனது. ஒரு பொதுவழியைச் சுருக்கி இன்னொரு பொதுவழி. இந்த முரண்பாடு அப்போதே பேசப்பட்டது.

அதைவிட முக்கியமான குறை ஸ்டேஷன்கள். மாளிகை மாதிரி கட்டினார்கள். ஆனால் நீண்ட காலத்துக்கு உள்ளே இருட்டு, ஆள் நடமாட்டம் குறைவு, வாசலில் இறங்கினால் பஸ் கிடைக்காது. மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் ஒரு கடைத்தெருவே வளர்ந்தது. இங்கே பல ஸ்டேஷன்களுக்குள் காற்றுதான் வாங்க முடிந்தது. காரணம் எளிது. ரயிலுக்கு வருகிற ஆள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை நடந்து வர வேண்டும், இறங்கிய பின் ஆபீஸ் வரை போக வேண்டும். அந்த இரண்டு துண்டுகளையும் யோசிக்காமல் நடுத் துண்டை மட்டும் எவ்வளவு உயரத்தில் கட்டினாலும் பாதிப் பயன்தான்.

2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு–ஆலந்தூர் இடையே மெட்ரோ ரயில் வந்தது. அன்று முதல் ரயிலை ஓட்டியவர் ஓர் இளம்பெண். ரயிலை ஓட்டியவரைப் பற்றிச் சொன்னதால், பயணம் செய்யும் பெண்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் வண்டி யார் கையில்?

ஒரு வீட்டில் ஒரே ஒரு வண்டி இருந்தால் அது பெரும்பாலும் யார் கையில் இருக்கும்? அப்பா கையில், அல்லது அண்ணன் கையில். அம்மாவும் தங்கையும் பாட்டியும் எப்படிப் போவார்கள்? பஸ்ஸில், ரயிலில், நடந்து. "கார் இருந்தால் வசதி" என்று பேசும்போது நாம் வண்டி ஓட்டுபவரை மட்டுமே நினைக்கிறோம். ஓட்டத் தெரியாதவர்கள், ஓட்டும் வயது வராதவர்கள், வயது தாண்டியவர்கள், கண் பார்வை குறைந்தவர்கள், வாங்க முடியாதவர்கள் எல்லோரையும் சேர்த்தால் அவர்கள்தான் ஊரில் அதிகம். மின்சார ரயிலில் மகளிர் பெட்டியும் பஸ்ஸில் மகளிர் இருக்கையும் சின்ன ஏற்பாடுகளாகத் தோன்றலாம். எத்தனையோ பெண்கள் முதல் தலைமுறையாக வேலைக்குப் போனது அந்த இருக்கையில் உட்கார்ந்துதான்.

2021 மே 7 அன்று தமிழக அரசு, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று உத்தரவிட்டது. மறுநாளே நடைமுறைக்கு வந்தது. (முதல் டிராம் ஓடிய தேதி என்ன? மே 7! 126 ஆண்டுகள் கழித்து அதே தேதி. யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள், தற்செயல்தான்.) பிறகு மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில், இந்தத் திட்டத்தால் பயணம் செய்யும் பெண் ஒருவருக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகச் சொன்னார்கள். வீட்டு வேலைக்கும், கடை வேலைக்கும், பூ விற்கவும் போகிற ஒருவருக்கு 888 ரூபாய் என்றால் சமையல் கேஸ் சிலிண்டர், பிள்ளையின் நோட்டுப் புத்தகம், மாத்திரை. முன்பெல்லாம் பஸ் காசுக்குப் பயந்து பக்கத்துத் தெருவிலேயே குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்தவருக்கு, இப்போது நாலு ஸ்டாப் தள்ளி நல்ல சம்பளம் தேடிப் போகத் துணிச்சல் வரும் அல்லவா? 1931ல் ரயில் குமாஸ்தாவுக்குச் செய்ததைத்தான் 2021ல் பஸ் இவர்களுக்குச் செய்தது.

மீண்டும் தி.நகர்

ரயிலை நம்பி வளர்ந்த தி.நகர் பிற்காலத்தில் கார்களால் மூச்சுத் திணறியது. பாண்டி பஜாரில் நடப்பதே சாகசம் என்ற நிலை. 2014ல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. 2023 மே மாதம் மாம்பலம் ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும், அரை கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஆகாய நடைபாதை வந்தது. ரயிலில் இறங்குபவர் நெரிசலில் மாட்டாமல் நடந்தே போய் பஸ் பிடிக்கலாம். பறக்கும் ரயிலில் விட்டுப்போன அந்த "முதல் துண்டும் கடைசித் துண்டும்" இங்கே கொஞ்சம் நினைவுக்கு வந்திருக்கிறது. நல்ல விஷயம்தான்.

ஒரு வருத்தமான எண்ணையும் சொல்லியாக வேண்டும். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர். இதில் நடந்து போனவர்களும் இரு சக்கர வாகனத்தில் போனவர்களும் ஏராளம். சொந்த வண்டி இல்லாமல் ஒரு ஊர் இயங்கினால் மிச்சமாவது பெட்ரோல் மட்டும் அல்ல.

முடிவாக...

கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் குற்றவாளிகள் என்று நான் சொல்லவில்லை. நடக்க முடியாதவர்களுக்கு, இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது, கைக்குழந்தையோடு மழையில் மாட்டிக்கொள்ளும்போது கார் பெரிய உதவி. ஆனால் தினமும் ஒரே நேரத்தில், ஒரே சாலையில், ஒரே திசையில் லட்சக்கணக்கானவர்கள் போவதற்கு ஏற்ற சாதனம் அது அல்ல. மெட்ராஸ் அதை 1895லேயே புரிந்துகொண்டது, 1931ல் நன்றாகச் செய்து காட்டியது, 1953ல் மறந்தது, இப்போது மெல்ல மெல்ல நினைவுபடுத்திக்கொள்கிறது.

எனவே அந்தப் பரீட்சைக் கேள்விக்கு என் ஆறாவது பாயிண்ட் இது: கார் ஓட்டாமல் போய்வர வழி இருக்கும் ஊரில், கார் இல்லாதவர்களும் முழு ஊரையும் அனுபவிக்கலாம். அப்படிப்பட்ட வழி ஓட ஆள் வேண்டும். நாம் எல்லோரும் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், பஸ் ஏன் வரவில்லை என்று சத்தம் போட யார் இருப்பார்கள்? வசதி வந்த பிறகும் பஸ்ஸிலும் ரயிலிலும் போகிற ஒவ்வொருவரும், வசதி வராதவருக்காக அந்தப் பஸ்ஸை நிறுத்திப் பிடித்துவைக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி யாராவது மெட்ராஸ் டிராமில் போயிருக்கிறார்களா? கேட்டுப் பார்த்துப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். 1953க்கு முன் டிராமில் ஏறியவர்கள் இப்போது ரொம்பக் குறைவு. அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வோம்.